படிக்காமல் எடுத்த கதை

என் மனைவி எனக்கு அத்தை மகள். கல்யாணமான புதிதில் தான் எழுதிய கதை ஒன்றைக் காட்டினாள். வீடு என்று வர வேண்டிய இடமெல்லாம் 'வூடு' என்று இருந்தது. கம்ப்யூட்டரில் பிழை தேடுவதுதான் என் பிழைப்பு. கை சும்மா இருக்குமா? ஒரே கட்டளையில் அத்தனை வூட்டையும் வீடாக்கிப் பெருமையாக நீட்டினேன். அது அவள் வேண்டுமென்றே எழுதிய ஊர்ப் பேச்சு. அதன்பிறகு எதையும் எனக்குக் காட்டுவதில்லை.

போன தை மாதம் ஒரு பத்திரிகையில் சிறுகதைப் போட்டி. கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குள் அவர்களுடைய இணையப் பக்கத்தில் கதையை ஏற்ற வேண்டும். அன்று கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவள், மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, போனில் அந்த இணையப் பக்கத்துப் பெட்டியிலேயே கதையை நேராகத் தட்டியிருக்கிறாள். வேறெங்கும் பிரதி கிடையாது. போன் கைநழுவி சிமெண்ட் தொட்டி விளிம்பில் விழுந்தது. கூப்பிட்டால் மணி அடித்தது, திரை மட்டும் கறுப்பு.

மூன்றரைக்குச் சேற்றுக் காலோடு என் மேசை முன் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு மாசமா மனசுல வச்சிருந்து எழுதனது. போச்சா?"

"போன ஆஃப் பண்ணியா?"

"இல்ல."

"அப்ப உள்ளதான் இருக்கும்."

"எடுத்துக் குடு. ஆனா நீ படிக்கக் கூடாது."

எனக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீஸ் இணையப் பக்கங்களை அவள் போனில்தான் சோதித்துப் பார்ப்பேன். அதனால் என் லேப்டாப்பை அந்தப் போன் ஏற்கெனவே நம்பும். ஒயரை மாட்டினேன். பிழை பார்ப்பவர்களுக்கென்று பிரவுசருக்குள் ஒரு பின்வாசல் உண்டு. திரை வேண்டாம், விரல் வேண்டாம். லேப்டாப்பில் டெர்மினல் என்கிற கட்டளைச் சன்னலில் தட்டினால் பதில் சொல்லும். எந்தெந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்டேன். ஒன்றே ஒன்று, போட்டிப் பக்கம். அடுத்து, பெட்டிக்குள் இருப்பதைக் கேட்க வேண்டும். சாதாரணமாக அந்தப் பதில் என் கண் முன்னாலேயே வந்து கொட்டும். அதைத் திரைக்கு விடாமல் நேரே ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டேன். வந்ததா என்று தெரிய, எத்தனை எழுத்து என்று மட்டும் கேட்டேன்.

"நாலாயிரத்துச் சொச்சம்" என்றேன். அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கதை ஏறி முடிந்தபோது மணி நாலே முக்கால். அவள் சும்மா இருக்கவில்லை. டெர்மினலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். என் கட்டளைகளும் ஓர் எண்ணும்தான் இருந்தன.

"நெசமாவே படிக்கலியா?"

"நீதான வேணான்ன."

மெச்சிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"அதுக்குன்னு ஒரு வரி கூடவா எட்டிப் பாக்கத் தோணல? இத்தினி வருசத்துல இன்னா எழுதறடின்னு ஒரு வார்த்த கேட்டிருப்பியா மாமா?"

நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு அலட்சியமாகப் பட்டிருக்கிறது. யோசித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அலட்சியம்தான். வெட்கமாக இருந்தது.

"இன்னா எழுதனடி?" என்று கேட்டேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.