ஒரு பெட்டி, இரண்டு வீடு

என் மாமியார் வெள்ளையம்மாவுக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெரியும். எதையும் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. அங்கே அவர் போனதே இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். பிறந்த மொழி போக மற்ற இரண்டும் சண்டை போட்டுக் கற்றுக்கொண்டது.

தொண்ணூற்றாறில் ரசூல் பாய் எங்கள் சூளகிரித் தெருவுக்குக் கேபிள் இழுத்தார். நாடே கம்ப்யூட்டர், இன்டர்நெட் என்று பேச ஆரம்பித்த காலம் அது என்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அதெல்லாம் வரவில்லை. ரசூல் பாய்தான் வந்தார், தோளில் கறுப்பு வயர்ச் சுருளோடு. வாரத்துக்கு ஒரு படத்துக்காகக் காத்துக்கிடந்த தெரு, காலையில் பாட்டு, மத்தியானம் படம், சாயங்காலம் சீரியல் என்று ஒரே மாதத்தில் கெட்டுப்போனது. கொத்தமல்லி பறிக்க ஆள் கிடைக்காத என் மாமனார் முனிசாமி, பாயைத் திட்டிக்கொண்டே போய்த் தனக்கும் ஒரு கனெக்‌ஷன் கேட்டார்.

பக்கத்து வீடு சென்னம்மாளுடையது. கன்னடம் பேசுகிற குடும்பம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டிலும் பழைய கறுப்பு வெள்ளை டிவி. கேபிளில் வருகிற சேனலை எல்லாம் எடுக்க அதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும். இரண்டு வீடும் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கின. பெட்டி சென்னம்மாள் வீட்டில் உட்கார்ந்தது. பாய் சுவரில் துளை போட்டு, அதிலிருந்து ஒரு வயரை எங்கள் வீட்டுக்கு விட்டார். அங்கே எந்தச் சேனல் வைக்கிறார்களோ அதுதான் இங்கேயும் ஓடும். இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டவர்களின் மூளையை என்னவென்று சொல்வது!

அங்கே கன்னடப் படம் ஓடும். அத்தைக்குத் தமிழ்ப் படம் வேண்டும். ராகிக் களி கிண்டுகிற துடுப்பை எடுத்துச் சுவரில் ஓங்கி இரண்டு போடுவார்.

“மாத்துடி!”

“சும்னிரு வெள்ளக்கா, அழுவுற சீன் வருது!” என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். சும்மா இரு என்பதற்குக் கன்னடம் அது.

கடைசியில் சமாதானமாகி இருவரும் தெலுங்குப் படம் பார்ப்பார்கள். அப்போது அது இருவருக்குமே புரியாது என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. “சானமாவு காட்டு யானை கூட எப்பவாச்சும்தாம்மா வயர அறுக்குது. உங்களுக்குத் தெனமும் பஞ்சாயத்து பண்ண என்னால ஆகாது” என்று ரசூல் பாய் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

நான் மருமகளாக வந்தபோது இரண்டு வீட்டிலும் கலர் டிவி வந்திருந்தது, பெட்டி பழைய இரும்புக்குப் போயிருந்தது. சண்டை மட்டும் போகவில்லை. பிறகு டிவியிலேயே இன்டர்நெட் வந்தது. ஓசூர் கம்பெனியில் முதல் போனஸ் வாங்கியதும் படம் பார்க்கிற ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டினேன். ஒரு நேரத்தில் ஒரு டிவியில்தான் ஓடும். அத்தை செய்த முதல் வேலை, பாஸ்வேர்டை சென்னம்மாள் வீட்டுக்கும் போடச் சொன்னது.

போன சித்திரையில் சென்னம்மாளை அவர் மகன் பிரகாஷ் பெங்களூருக்கு அழைத்துப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியது. அத்தை கலங்கவில்லை. ஆப் இருந்ததே! இவர் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை நின்று, வேறொரு டிவியில் ஓடுகிறது என்று எழுத்து வரும். உடனே போன் பறக்கும். திட்டி முடித்ததும் முட்டி வலி, தக்காளி விலை, பிரகாஷ் பெண்டாட்டியின் சமையல் எல்லாம் சாவகாசமாக வெளியே வரும்.

ஆடியில் அது நின்றுபோனது. பிரகாஷ் நல்ல பிள்ளை. அம்மா அடுத்தவர் கணக்கில் பார்ப்பானேன் என்று தனியாக ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டான். அத்தையின் டிவி தடங்கலே இல்லாமல் ஓடியது. அத்தைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

“ஒரு போன் போட்டுப் பேசுங்களேன், அத்தை.”

“என்னான்னு பேசறது?”

“எப்படி இருக்கன்னு கேளுங்க.”

“என்னிக்காச்சும் அப்படிக் கேட்டிருக்கனா? எனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துடுவா.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் பழகிய இரண்டு பெண்களுக்குச் சண்டை இல்லாமல் ஒரு போன் போடத் தெரியவில்லை! நான் பேசுகிறேன் என்றால் அதற்கும் விடவில்லை. “அவ என்ன மறந்துட்டா, அருணா” என்று அத்தை மெதுவாகச் சொன்னபோது என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பாவமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரகாஷ் என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, உங்க பாஸ்வேர்டு வேணும்.”

“ஏன், உங்களுதுக்கு என்ன ஆச்சு?”

“அது நல்லாத்தான் இருக்குது. அம்மாதான் அதுல பாக்க மாட்டேங்கறாங்க. யாருமே திட்டறதில்லயாம்.”

கொடுத்தேன். அத்தையிடம் மூச்சு விடவில்லை. தோசைத் தட்டோடு அவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

படத்தில் கல்யாணம் நிற்கப்போகிற நேரம். திரை நின்றது. எழுத்து வந்தது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம், முட்டி வலி என்று முனகுகிறவர் சமையல்கட்டுக்கு ஓடினார். துடுப்போடு வந்து, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பூட்டிய வீட்டுச் சுவரில் ஓங்கி இரண்டு போட்டார்.

“கேக்குதாடி?”

“கேக்குது வெள்ளக்கா” என்றது பெங்களூர். “சும்னிரு. அழுவுற சீன் வருது.”

அத்தை அன்று படத்தை முடிக்கவே இல்லை. சென்னம்மாள் பார்த்து முடிக்கிறவரைக்கும், ஓடாத டிவிக்கு முன்னால் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.