பார்வையற்றோர் கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்

எங்கள் தொழிலில் அதிர்ச்சிக்குப் பஞ்சமே கிடையாது. காலை டீயோடு ஒன்று வரும், மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இன்னொன்று வரும். அரசு ஆஸ்பத்திரிகளின் இணையதளங்களைக் கண் தெரியாதவர்களும், காது கேளாதவர்களும், கை நடுங்குகிறவர்களும் புழங்கும்படி மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. ஒத்தக்கடையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஆபீஸ்.

கட்டம் கட்டமாகப் படம் காட்டி, அதில் பஸ் எங்கே இருக்கிறது என்று தேடவிட்டு, கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் "நீ மனிதன்தானா?" என்று உங்களைச் சந்தேகப்பட்ட இணையதளம் ஒன்றாவது இருக்கும். அரைமணி நேரம் நிரப்பிய படிவம், கடைசிப் பட்டனை அழுத்தியதும் வெள்ளைவெளேரென்று ஆகி, நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். நாம் எல்லாரும் ஒரே இடத்தில் அடி வாங்கியவர்கள். என்ன, உங்களை அடித்த கைகளில் என்னுடையதும் ஒன்று.

போட்டோ ஸ்டுடியோ

மதுரைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதன் இணையதளத்தைச் சில வருஷங்களுக்கு முன் கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். இப்போது அதைச் சரிசெய்யச் சொன்னதும் எங்களிடம்தான். சோதித்துச் சொல்ல ஆள் தேடியபோது கிடைத்தவர் ஸ்டெல்லாக்கா. பிறவியிலேயே பார்வை இல்லை. மிஷன் பள்ளிக்கூட ஆபீஸ் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். செல்லூரில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் அம்மாவோடு இருக்கிறார். திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் குரல் ஒன்றை அவருடைய போனில் வைத்திருக்கிறார். அது பேசுகிற வேகத்தில் எனக்குக் கடுகு பொரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. "இது உங்களுக்குப் புரியுதாக்கா?" என்றேன். "நீங்க மட்டும் எழுத்துக்கூட்டியா படிக்கிறீங்க?" என்றார்.

எனக்காக வேகத்தைக் குறைத்துவிட்டு எங்கள் முகப்புப் பக்கத்தில் விரலை வைத்தார். என் கண்ணுக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டப வாசல் போல ஜொலிக்கும். போன் சொன்னது: "படம். படம். இணைப்பு. படம். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். படம்." ரிப்பன் வெட்டியது, குத்துவிளக்கு ஏற்றியது, சால்வை போட்டது எல்லாம் படம்தான். நோயாளி முன்பதிவு செய்யும் இடம் அந்தப் பெயரில்லாத பட்டன்களில் ஒன்று. பெயர் வைக்காமல் விட்டவன் நான். ஸ்டெல்லாக்கா போனைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி, இது ஆஸ்பத்திரியா, போட்டோ ஸ்டுடியோவா?"

ஒரே ஒரு வரி

பெரும்பாடு பட்டு 'மாற்றுத்திறனாளிகள்' பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே சான்றிதழ் முகாம் பற்றி ஓர் அறிவிப்பு இருந்தது. காகிதத்தில் அடித்து, சீல் குத்தி, யாரோ போனில் சாய்வாகப் படம் பிடித்து ஏற்றியிருந்தார்கள். அதற்கு மேலே மட்டும் ஒரு வரி முறையான எழுத்தில் இருந்தது. போன் அதைத் திக்காமல் திணறாமல் வாசித்தது: "பார்வையற்றோர் விவரங்களுக்குக் கீழே உள்ள படத்தைப் பார்க்கவும்."

பிரபு, என் சக ஊழியன், என்ன செய்வதென்று தெரியாமல் ஃபேனைப் பார்த்தான். இத்தனை வருஷமாக அந்த வரி அங்கே இருந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது. ஸ்டெல்லாக்காதான் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இம்புட்டு நேரத்துல ஒரே ஒரு வரிதான் ஒழுங்கா கேட்டுச்சு. அதுவும் என்னையப் பாக்கச் சொல்லுது!"

ஸ்பீக்கர்

உள்ளே நுழைய வேண்டுமானால் கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். முடியாதவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கர் படம் உண்டு. அதை அழுத்தினால் எழுத்துகளைக் குரலில் சொல்லும் என்று ஏற்பாடு. ஸ்டெல்லாக்கா அழுத்தினார். சத்தமில்லை. நான் அழுத்தினேன், அப்போதும் இல்லை. உள்ளே திறந்து பார்த்தால் அந்தப் படத்துக்குப் பின்னால் ஒலியே வைக்கப்படவில்லை. தளம் தொடங்கிய நாளிலிருந்து அது வெறும் படம்.

இதுவரை எப்படி உள்ளே போனீர்கள் என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவர் கையில் போனைக் கொடுத்துவிடுவாராம். எழுத்தையும் அவர்கள் அடிப்பார்கள், வருகிற ரகசிய எண்ணையும் அவர்களே அடிப்பார்கள். யாரென்று தெரியாது. பிரபுவின் பக்கம் திரும்பினேன், அந்தப் பகுதியைச் செய்தவன் அவன்தான். அவனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"டெண்டர்ல ஐகான் மட்டுந்தான மாப்ள இருந்துச்சு."

ஒன்றை அழுத்தவும்

ஸ்டெல்லாக்கா ஒருநாள் பாண்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சந்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். காது கேட்காது, பேச்சும் வராது. எழுதிக் காட்டுவார். மூன்று முறை முன்பதிவு செய்திருக்கிறார், மூன்று முறையும் ரத்தாகிவிட்டது. காரணம் தேடினோம். முன்பதிவு செய்தவுடன் கம்ப்யூட்டர் போன் போட்டு, "வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்கிறது. அழுத்தாதவர்களை நீக்கிவிடுகிறது. மூன்றாவது முறை அவர் முன்பதிவு செய்திருந்தது காது டாக்டருக்கு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாண்டி கோபப்படவில்லை. பேனாவை வாங்கிப் பொறுமையாக எழுதினார்.

"போன் அதுரும். எடுத்து மரியாதையா காதுல வச்சுக்கிருவேன். அது பேசி முடிச்சிருச்சுன்னு தெரியாது, வேலைக்கு லேட்டாகுறவரைக்கும் வச்சிருப்பேன்."

வழுவழு

இத்தனைக்கும் பிறகு நாங்கள் திருந்தியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாப் பட்டனுக்கும் பெயர் வைத்தோம். ஸ்பீக்கருக்குக் குரல் கொடுத்தோம். பாண்டிக்குக் குறுஞ்செய்தி போகிறது. போதாதென்று, ரிப்போர்ட் எடுக்கும் பக்கத்தில் பார்வையற்றோருக்கென்றே தனியாக ஒரு குறிப்பு எழுதினேன். அதை எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொள்ளாத குறை. மறுநாள் ஸ்டெல்லாக்கா போனை வைத்துக் கேட்டார். குறிப்பு இதுதான்: "வலது ஓரத்தில் உள்ள சிவப்புப் பட்டனை அழுத்தவும்."

வேறு யாரோ எழுதியது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், யோசித்தேன். அவர் திரையை விரலால் மெதுவாக ஒருமுறை தடவினார்.

"செகப்பு எங்கிட்டு இருக்குன்னு தடவிப் பாத்துட்டேன் தம்பி. எல்லாப் பக்கமும் ஒரே வழுவழுன்னுதான் இருக்கு."

அய்யோ

இவ்வளவு பொறுமை எங்கிருந்துதான் வருகிறது என்று அன்றைக்குக் கேட்டேவிட்டேன். சொன்னார். மார்பில் ஒரு கட்டி. இதே ஆஸ்பத்திரியில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் இதே தளத்தில்தான் வந்தது. திறந்தால் "படம்" என்றது போன். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து வாசிக்கிற செயலியும் அவரிடம் உண்டு. ஆனால் எழுத்தின் மேலேயே சீல் விழுந்திருந்ததால் அது உளறிக்கொட்டியது. டாக்டரைப் பார்க்க இன்னும் நாலு நாள் இருந்தது. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், வாசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். கடையில் நாலைந்து பேர் நின்றிருக்கிறார்கள்.

"படிச்சவரு மொதல்ல 'அய்யோ'ன்னாரு தம்பி. அதுக்கப்பறந்தான் மத்ததப் படிச்சாரு. அவரு படிச்சு முடிக்கிறதுக்குள்ள பின்னாடி நின்ன ஒரு அம்மா என் தோள்ல கைய வச்சுட்டாங்க. எனக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அந்தக் கடையில் அத்தனை பேர் முன்னால் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியதே நான்தான் என்று தோன்றியது. கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு பத்து நாளில் வரும், அதே பக்கத்தில்.

"நல்லதோ கெட்டதோ, அத நான்தான் மொதல்ல படிக்கணும். அதுக்குத்தான் இந்த வேலைக்கு வாரேன்."

சீல்

அடுத்த நாளே ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனுக்கு ஓடினேன். ஸ்டெல்லாக்காவும் கூட வந்தார். அங்கே ரிப்போர்ட்டுகளை ஏற்றுகிறவர் சண்முகம் அண்ணன். தங்கமான மனிதர், கோப்பில் ஒரு மூலை மடங்கியிருந்தால்கூட நீவிவிட்டுத்தான் வைப்பார். அவர் வேலை செய்யும் முறையைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சே நின்றது. லேபில் ரிப்போர்ட்டைக் கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறார்கள். அப்படியே ஏற்றியிருந்தால் எந்தப் போனும் வாசிக்கும். ஆனால் அண்ணன் அதைக் காகிதத்தில் எடுத்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சீல் குத்தி, மை காய ஊதி, திரும்ப ஸ்கேன் செய்து படமாக ஏற்றுகிறார். ஏன் என்றால், "சீல் இல்லாட்டி அது ரிப்போர்ட்டா தம்பி? யாரும் மதிப்பாகளா?" என்றார்.

ஸ்டெல்லாக்கா பிரவுசிங் சென்டர் கதையை அவரிடம் தானே சொன்னார், குரலை உயர்த்தாமல். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மேலதிகாரியிடம் அவரே எழுந்து போய்ப் பேசினார். இனிமேல் லேபில் அடித்த கோப்பு அப்படியே ஏறும், சீல் எழுத்தைத் தொடாமல் கடைசியில் இருக்கும் என்று முடிவானது.

"சனங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சுல்லம்மா இம்புட்டு நாளும் குத்திக்கிட்டு இருந்தேன்."

ரெண்டு சீல்

பத்தாவது நாள் காலையில் ஸ்டெல்லாக்காவிடமிருந்து போன். "தம்பி, ரிப்போர்ட்டு வந்துருச்சு. தொறந்தா படம்ங்குது." அழவில்லை, ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பிரபுவின் வண்டியை வாங்கிக்கொண்டு, மேலூர் ரோட்டில் எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேன் என்று தெரியாமல் போய் இறங்கினேன்.

சண்முகம் அண்ணன் சிரித்த முகமாக எழுந்தார். "நம்ம அக்கா ரிப்போர்ட்டு தம்பி! பேரைப் பாத்ததும் கண்டுக்கிட்டேன். மத்தவுகளுக்கெல்லாம் கோப்பாத்தான் ஏத்துறேன். இது நம்ம ஆளாச்சேன்னு பெரிய டாக்டர்ட்டயே கையெழுத்து வாங்கி, ரெண்டு சீல் போட்டு, கலர்ல ஸ்கேன் பண்ணி ஏத்தியிருக்கேன்." எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அழுகை. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. லேப் கோப்பைத் தேடித் திறந்தார். திரையில் எழுத்து தெரியத் தொடங்கியதும் நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். அண்ணன் புரிந்துகொண்டு, ஒரு காகிதத்தால் திரையை மறைத்தபடியே ஏற்றி முடித்தார். போன் செய்து சொன்னோம். "வைங்க. படிச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

அரைமணி நேரம் காத்திருந்தோம். அண்ணன் சீல் கட்டையை டிராயருக்குள் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். போன் வந்தது. "எல்லா வரியும் வாசிச்சுச்சு தம்பி. ஒரு எழுத்து விடல." சந்தோஷத்தில் என் வாய் என்னை முந்திக்கொண்டது. "என்னக்கா போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட மறுகணமே, அந்தப் பிரவுசிங் சென்டரில் நின்ற ஆட்களில் நானும் ஒருத்தனாகிவிட்டேன் என்பது சுரீரென்று உறைத்தது. அவர் கோபிக்கவில்லை.

"இப்பதைக்கு எனக்கு மட்டுந்தான் தம்பி தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த வாரமும் வழக்கம்போல வந்து, ரத்த வங்கிப் பக்கத்தில் இன்னும் இரண்டு பட்டனுக்குப் பெயர் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அவராகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இந்தத் தொழிலில் நான் உருப்படியாகச் செய்து முடித்த வேலை அது ஒன்றுதான்.