நைனாவின் காது

காலையில் பேரன் வாசலில் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி, ஸ்க்ரூ டிரைவர் முனையை என்ஜின்மேல் வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கேட்டான். பக்கத்தில் போய் நின்றேன். எங்க நைனா நினைப்பு வந்துவிட்டது, மண்ணெண்ணெயில் கழுவின கை வாசனையோடு.

நைனா கொருக்குப்பேட்டையில் லாரி மெக்கானிக். என்ஜின் சத்தத்திலேயே கிடந்து அவர் காது போய்விட்டது. வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வண்டி விடமாட்டார்கள். அதனால் நாலாவதோடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்தி ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். வேலை முடிந்ததும் நான் காதை வைத்துக் கேட்பேன். என்ஜினுக்குள் பழுதின் தட்டல் சத்தம் இன்னும் இருந்தால் அவர் கையை அழுத்துவேன்.

"இன்னா மேஸ்திரி, பொண்ண மெக்கானிக் ஆக்கப்போறியா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். நைனா அவர்கள் வாயைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் வயசுக்கு வந்ததும் அம்மா என்னை மூலையில் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினாள். பெத்த அப்பன் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாதாம்.

அந்த வாரமே நைனா ஒரு லாரியைச் சந்துக்குள் கொண்டுவந்து, எங்க ஜன்னலுக்கு நேராக உறுமவிட்டார். வண்டிக்காரரும் கூடவே நின்றார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். தட்டல் நன்றாகக் கேட்டது.

"தட்டுது நைனா!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "கத்தாதடி. சந்து முச்சூடும் கேக்கும், அந்தாளுக்கு மட்டும் கேக்காது."

நைனா ஜன்னலையே பார்த்துகினு நின்றார். அப்புறம் வண்டியைக் கொடுத்துவிட்டார். பாதி வழியில் அது நின்றுபோனது. அதோடு அவரிடம் யாரும் வண்டி விடவில்லை.

"இன்னா ஆயா, கைய வுடு, வலிக்குது" என்றான் பேரன்.