பலகாரம் அனுப்பாத வீடு

எந்தக் கைப்பேசி விளையாட்டிலும் இரண்டாம் கட்டத்தைத் தாண்டியதில்லை நான். அப்படிப்பட்டவன் ஐம்பது வயதில் ஒரு விளையாட்டை வடிவமைக்கக் கிளம்பினேன். அக்கம்பக்கத்தாரைப் பழக வைக்கும் விளையாட்டாம்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியிலேயே தீபாவளிக்கு அதைச் சோதனைக்கு விட்டேன். திரையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு விளக்கு இருக்கும். பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் அனுப்பினால் எரியும், அனுப்பாவிட்டால் அணைந்துவிடும். கஞ்சர்களைத் திருத்துவதாக எனக்கு நினைப்பு.

லிஃப்டில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். வெளுத்த சட்டை, சவரம் காணாத முகம். கைப்பேசித் திரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார்.

“தம்பி, இந்த கேம் நீங்க செஞ்சதாமே. என் வீட்டு விளக்கு அணைஞ்சுபோச்சு.”

“முறுக்கை அழுத்தி யாருக்காவது அனுப்புங்க அங்கிள், எரியும்.”

“இந்த வருஷம் நாங்க அனுப்பக்கூடாது லா. வைஃப் தவறிட்டாங்க. மத்தவங்க கொடுத்தா வாங்கிக்கலாம். வீடு இருட்டா இருந்தா, ஆளில்லைன்னு தாண்டிப் போயிடுவாங்களே.”

துக்க வீட்டுக்கு மற்றவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. விளையாட்டுக்குச் சொல்லித்தர மறந்திருந்தேன். அன்றே அவர் வீட்டு விளக்கை எரியவிட்டேன்.

மறுநாள், யாரோ அனுப்பிய அதிரசம் ஒன்றைத் திரையில் காட்டினார். தொட்டால் சாப்பிட்டதாகி மறைந்துவிடும். பண்டிகை முடிந்து வெகுநாள் ஆகியும் அவர் அதைத் தொடவில்லை.

மனைவியிடம் இதைச் சொன்னேன்.

“எதிர்வீட்டு அங்கிள்தானே? அந்த ஆன்டி இறந்தப்ப உங்களையும் வாங்கன்னு கூப்பிட்டேன். கேம் வேலை இருக்குன்னீங்க” என்றாள்.