எண்ணாமல் எழுதிய எண்பத்திநான்கு

அறுபதுகளின் கடைசி. நர்ஸ் படிப்பில் எனக்கு இரண்டாவது வருஷம். காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பகல் டூட்டி. நான் வெள்ளை உடுப்புப் போட்டதே பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பெரிய விஷயம். எனக்கும் நர்ஸ் வேலை என்றால் ஏறக்குறைய அந்த உடுப்புதான்.

அன்று காலை கீழச்சிவல்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மாடு வயிற்றில் முட்டியிருந்தது. வெளியே காயம் இல்லை. உள்ளே ரத்தம் கசிந்தால் நாடி வேகமாகும், மணிக்கொரு தரம் எண்ணிச் சார்ட்டில் எழுது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு எண்பத்திரண்டு. ஒரு மணிக்கு எண்பத்திநான்கு.

இரண்டு மணிக்குப் போனபோது அவள் கண்ணை மூடிக் கிடந்தாள். வலியில் புரண்டவள் இப்போதுதான் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பசி. மறுபடியும் எண்பத்திநான்கு என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் டாக்டர் அவள் கட்டிலருகே சார்ட்டோடு நிற்கிறார்.

"எண்பத்திநாலுலயே நிக்குது. நல்லது, தூங்கட்டும். சாயங்காலம் கஞ்சி கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்கு நடந்தார்.

அவர் அவள் கையைத் தொடவில்லை. என் எழுத்தைப் பார்த்தார், நம்பினார். அதுவரை சார்ட் எனக்குப் பரீட்சைத் தாள் மாதிரி. தப்பானால் என் மார்க்தான் குறையும்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். சில்லென்று வேர்த்திருந்தது. நூற்று இருபத்தெட்டு. இன்னொரு தரம் எண்ணினேன். அதேதான்.

வராந்தாவில் ஓடிப்போய் டாக்டரை நிறுத்தினேன். "சார், ரெண்டு மணிக்கு நான் எண்ணலை. சும்மா எழுதிட்டேன். இப்ப நூத்தி இருபத்தெட்டு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைத் தாண்டிக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் அவளை வேனில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். என்னையும் கூடப் போகச் சொன்னார்கள். வழி நெடுக அவள் கையைப் பிடித்து எண்ணி எழுதினேன். எதிரே அவள் கணவர்.

"பொழச்சுக்கிருவாள்ல தாயி?"

"தெரியலைண்ணே" என்றேன். எண்ணாமல் எழுதியதை அன்று அவரிடம் சொல்லவில்லை.

மதுரையில் ஆபரேஷன் செய்து, கிழிந்திருந்த மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். என்னை ஒரு மாதம் வார்டுக்குள் விடவில்லை. துணி மடிக்கிற அறையில் இருந்தேன். படிப்பை விட்டுவிடலாமா என்று அங்கே பல நாள் யோசித்தேன். விடவில்லை.

மறுபடி வார்டுக்குப் போன பிறகு ஒருநாள் அவளும் கணவரும் என்னைப் பார்க்க வந்தார்கள்.

"நீங்க பாத்துச் சொன்னதுனாலதான் இவ இருக்கா. நல்லா இருப்பீக" என்றார் அவர்.

"ரெண்டு மணிக்கே பாத்திருக்கணும்ணே. பாக்காமலே பாத்ததா எழுதிட்டேன்."

அவர் சிரித்தார். "ஒத்த ஆளு எத்தனை பேரைத்தான் பாப்பீக!"

அவள் சிரிக்கவில்லை. நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கணவரைக் கிளப்பினாள்.