கடைசிவரை படிக்காத பக்கம்

“...கமா போட்டு அடுத்த வரிக்கு வாங்க. கம்ப்யூட்டர் மேல யாரும் கைய வெக்கக் கூடாது, ஆமா!”

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்கு யுபிஎஸ் பேட்டரி மாற்றப் போனபோது அந்தப் பேராசிரியரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. மாணவர்கள் முன்னால் நாற்பது கணினிகள் உறைக்குள் கிடந்தன. இவர் மட்டும் ஒன்றைத் திறந்து இணையப் பக்கத்தை வாசிக்க, அவர்கள் நோட்டில் எழுதினார்கள். இதற்குப் பெயர் இணையவழிப் பாடமாம்! புத்தகம் புரட்டுகிறவர்போல, விரலில் எச்சில் தொட்டுக்கொண்டுதான் மவுஸைத் தொட்டார்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். “சார், இதே பக்கத்த நேத்து போன்ல படிச்சேனுங்க. இதுல சொல்ற முறை பழசு, இனி யாரும் பயன்படுத்த வேண்டாம்னு கடைசியில போட்டிருக்குதுங்க. பரீட்சையில நாங்க எத எழுதறதுங்க?”

“போன்ல படிச்சீங்களா சாமி? அப்ப மார்க்கும் அந்தப் போனே போட்டுருமுங்களா?”

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தைக் கடைசிவரை நகர்த்தினார். படித்ததும் காதுமடல் சிவந்தது. இத்தனை படித்த மனிதர், தான் நடத்தும் பாடத்தின் கடைசி வரியை அப்போதுதான் பார்க்கிறார்!

திரையைத் தனக்கு மட்டும் தெரியும்படி திருப்பிக்கொண்டார். பக்கத்தை மேலே ஏற்றி, அந்தப் பழைய முறையையே மறுபடி வாசிக்கத் தொடங்கினார்.