ஆட்டுக் கொட்டாயில் ஊழித்தீ

உலகத்தை அழிக்க வருகிற சாமிகளை வரைகிறவள் எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால், எங்கள் லாட்ஜில் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருக்கிற புஷ்பலதாவைக் காட்டுவேன். செம்மநத்தத்துக்காரி, முப்பத்தாறு வயது. மலைமேல் ஒண்டிக்கடைப் பக்கம் இருக்கிற அந்த லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவள் நான், மல்லிகா. சேலத்துக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன்.

என் மகன் பிரவீன் வேண்டாமென்று போட்ட டேப்லெட்டை, சமையல் வீடியோ பார்க்கட்டும் என்று அவளிடம் கொடுத்தேன். சமையலையா பார்த்தாள்? இரண்டே மாதத்தில் அதில் விரலாலேயே படம் போடக் கற்றுக்கொண்டாள். ரூம் வேலை முடிந்ததும் துணி அறையில் உட்கார்ந்து வரைவாள். வெள்ளைக் குதிரையில் வாளோடு வரும் கல்கி, மண்டையோட்டு மாலை போட்ட காளி, பிரளயத்தில் முங்குகிற மலைகள். அந்த மலைகள் மட்டும் அச்சு அசல் நம் சேர்வராயன் மலைதான்.

"ஏன்டி, ஒரு லட்சுமி, சரஸ்வதி வரையக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அவங்கள எல்லாரும் வரையறாங்கக்கா. இவங்களப் பாத்தாத்தான் ஓடறாங்க, பாவம்."

ஓடியவர்களில் முதல் ஆள் அவள் புருஷன் சின்னன். உக்கிரமான சாமியின் படத்தை வீட்டில் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். முன்பு ஒருமுறை காளியைக் காகிதத்தில் வரைந்து சுவரில் ஒட்டினாள். அதே வாரம் மிளகு பறிக்க ஏறிய சின்னன், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதிலிருந்து அணைத்து வைத்த டேப்லெட்கூட வாசற்படி தாண்டக் கூடாது. "அணைச்சுட்டா மட்டும் உள்ள இருக்கறவ எந்திரிச்சுப் போயிருவாளா?" என்று கேட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. சாயந்திரம் ஆனால் டேப்லெட்டுக்கு ஆட்டுக் கொட்டாயில்தான் படுக்கை.

இந்த ஐப்பசியில் எங்கள் லாட்ஜில் தங்கி அவள் படங்களைப் பார்த்த ஒரு சென்னைப் பதிப்பகத்தார், யுகமுடிவுக் கதைகளைக் குழந்தைகளுக்குப் போடுகிறோம், அட்டைக்குப் படம் வேண்டும் என்றார்கள். வடவாமுகாக்னியைக் கேட்டார்கள். ஒரு முனிவரின் கோபத்தீ உலகத்தை எரித்துவிடாமல் இருக்க அதைக் கடலுக்குள் இறக்கினார்களாம். பெண்குதிரை உருவில், வாயில் நெருப்போடு அது அடியில் காத்திருக்கிறதாம். யுகம் முடியும்போதுதான் வெளியே வருமாம். புஷ்பலதா அதை ஏழு வாரம் வரைந்தாள். திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். அவள் பெயர் அச்சில் வரப்போவது அதுதான் முதல் தடவை. "பேரு அட்டையிலயே போடுவாங்களாக்கா?" என்று பத்துத் தடவையாவது கேட்டிருப்பாள். லாட்ஜ் வைஃபையில் எனக்கு ஒரு பிரதி அனுப்பி வையடி என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். அரைகுறையாகச் சாமியை அனுப்பக் கூடாதாம்.

வியாழக்கிழமை விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் டேப்லெட்டைக் கொட்டாயிலேயே விட்டுவிட்டு வந்தாள். பதினோரு மணிக்குப் பிடித்த மழை விடவே இல்லை. "கொட்டாய் ஒழுகுமுங்கக்கா" என்றாள். அவள் ஊரில் போனும் எடுக்காது. எனக்கு வந்த கோபத்தில் அவள் புருஷனை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். அவளோ மடித்து வைத்த தலையணை உறைகளையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

மறுநாள் காலையில் ஒரு மாதிரி முகத்தோடு வந்தாள்.

"அவரு மழையில ஓடிப்போயி எடுத்துட்டாருங்கக்கா. தண்ணி எறங்கியிருச்சுன்னு அரிசிக்குள்ள பொதச்சு வெச்சிருக்காரு. நனைஞ்ச போன அப்பிடி வெக்கோணும்னு பஸ் கண்டக்டர் எப்பவோ சொன்னாராமா."

"அரிசி டிரம் எங்கேடி இருக்கு?"

"ஊட்டுக்குள்ளதானுங்க. சாமி படத்துக்குக் கீழ. அதுலருந்துதான் அள்ளிச் சோறு வடிக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை என்னால் இருக்க முடியவில்லை. நானும் அவளோடு பஸ் ஏறிப் போனேன். சின்னன் கைகால் கழுவிவிட்டு வந்து, அரிசியைக் கிளறி டேப்லெட்டை எடுத்தார். "ஏனுங்க, எங்க அமுக்கோணும்?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். அமுக்கினார். நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. புஷ்பலதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெளிச்சம் வந்தது, படமும் வந்தது.

பொண்டாட்டி வரைந்ததை அவர் முழுதாகப் பார்ப்பது அன்றைக்குத்தான். கருநீலக் கடலுக்கடியில் ஒரு குதிரை. இறுக மூடிய பல்லிடுக்கில் தீ. கண்ணில் நீர்.

"இது எதுக்கு அழுவுது?"

"நொம்பச் சுடுதுங்க. வாயத் தொறந்தா உலகமே எரிஞ்சு போயிரும். அதான் தொறக்காம இருக்குது."

"எத்தன நாளா?"

"யுகமா இருக்குதுங்க."

சின்னன் டேப்லெட் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஓர் அரிசியை விரலால் மெல்லத் தள்ளினார்.

"இதையப் போயி வெளிய படுக்க வெச்சுட்டனே, புள்ள."